நாற்பத்தோராவது நிமிடம்

அத்தியாயம் இரண்டு, முதற் பந்தி:
"வீடு எனப்படுவது..."
என்று எழுதிவிட்டு ஒன்பது நாளாய்
அந்த மூன்று புள்ளிகளுக்கு முன்னால் இருக்கிறேன்.
மேற்பார்வையாளர் பச்சை மையால்
ஓரத்தில் ஒரு சொல் கேட்டிருந்தார்:
யாருக்கு?

பிரதேச செயலகப் படிவத்தில் மூன்று பெட்டிகள்.
நிரந்தரம். அரை நிரந்தரம். தற்காலிகம்.
ஒன்றுக்கு மட்டும் புள்ளடி.
நூலகத்தில் கிடைத்தவர்கள் வேர் என்றார்கள்,
நினைவு என்றார்கள்,
கருப்பை என்றும் ஒருவர்.
எல்லாரையும் மேற்கோள் குறிகளுக்குள் குடியமர்த்தினேன்.
என் பக்கங்களில் மீள்குடியேற்றம்
ஒரு குறையுமில்லாமல் நடந்தது.

பிறகு முத்தையன்கட்டு, வலதுகரை.
வாய்க்கால் வரம்பில் ஸ்கூட்டியை உருட்டிப்போய்
பதினேழாம் இலக்கப் பங்கேற்பாளரின் முற்றத்தில் நின்றேன்.
ஆய்வு அறநெறிப்படி அவவுக்குப் பெயர் இல்லை.
அவ விடவில்லை.
"கோமளேஸ்வரி எண்டே போடு பிள்ளை.
இலக்கமா இருந்தது காணும்."

ஐந்நூற்றைம்பது சதுர அடி,
பூசாத கல்,
ஒரு யன்னலுக்கு யூரியாப் பை.
"வீடு எண்டா உங்களுக்கு என்னம்மா?"
மூன்று மாதம் செதுக்கிய திறந்த வினா.
"இன்னும் பத்துப் பை சீமெந்து" என்றா.

நாற்பத்தோராவது நிமிடம்
கதிரையை விட்டெழும்பி,
குளக்கட்டு வரைக்கும் கேட்க:
"டேய் நிலக்சன்! படலையைச் சாத்தடா!
ஆடு பூந்திட்டுது!"

வீரை மரத்துக் கொக்குகள் எழும்பிப் போயின.
ஆடு அதற்குள்
என் ஒப்புதல் படிவத்தில்
கையொப்பம் இருந்த பக்கத்தைத் தின்றிருந்தது.

எழுத்துப் பெயர்ப்பில் அந்த இடத்துக்கு
முறைப்படி ஒரு குறிப்பு வைத்தேன்:
பொருத்தமற்ற ஒலி. நீக்கவும்.

நாற்பத்து நாலில், குரல் தாழ்ந்து:
"செட்டிகுளத்தில இவனை ஒருநாளும் ஏசேல்லை.
தறப்பாளுக்கு அங்கால ஏழு குடும்பம்.
தொடையில கிள்ளுவன்.
அவனும் சத்தமில்லாமத்தான் அழுவான், பழகீட்டான்.
அதுக்கு முதல் பள்ளிக்கூடம், கோயில் மடம்.
பிறகு மச்சாளின்ர வீடு.
அங்க கோப்பை கழுவுற சத்தத்துக்கும் பயம்.
இஞ்ச வந்த அண்டைக்கு,
கதவும் போடேல்லை,
என்னத்துக்கோ தொண்டை கிழியக் கத்தினன்.
அவன் சிரிச்சான்."

அன்றிரவு வவுனியா அறையில்
புள்ளிகளை அழித்துவிட்டு எழுதினேன்:
வீடு எனப்படுவது
குரலை உயர்த்த அனுமதி வேண்டாத பரப்பு.
அழகாய் இருந்தது.
அழகாய் இருந்ததுதான் உறுத்தியது.

ஒன்பதாம் இலக்கம், இடதுகரை.
இருபது நிமிட ஒலிப்பதிவில்
அவவின் சொற்கள் பதினொன்று.
நான் எண்ணினேன்.
மிச்சம் முழுக்க உள்ளறையிலிருந்து அவர்.
என் வரைவிலக்கணப்படி
அது குறைவில்லாத வீடு.
அவருக்கு.

இருபத்திரண்டாம் இலக்கம்,
தரைக்கு டைல்ஸ், மூன்று அறை,
ரொறன்ரோவிலிருந்து மகளின் காசு.
வினாவைக் கேட்டுவிட்டு நெடுநேரம்
விசிறியைப் பார்த்தபடி இருந்தார்.
"கத்தலாம் தங்கச்சி. ஆரைப் பாத்துக் கத்துறது?"

பச்சை மைச் சொல் சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

இதை எழுதுகையில் தங்கை அழைத்தாள்,
காணி உறுதி விசயமாய்ச் சண்டைக்கு.
நான் வாய்க்குள் பேசினேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
அறைக்கார அம்மா படுத்துவிட்டா.
"ஏன் குசுகுசுக்கிறாய்?" என்றாள்.
அந்தக் கேள்வியை எந்த அத்தியாயத்தில் வைப்பதென்று
இன்னும் தெரியவில்லை.

புள்ளிகளைத் திரும்பப் போட்டேன்.
ஒன்பதையும் இருபத்திரண்டையும்
அடிக்குறிப்பிலிருந்து மேலே தூக்கி
பதினேழுக்குப் பக்கத்தில் இருத்தினேன்.
அவர்கள் ஒத்துப்போகவில்லை.
போகட்டும்.
நாற்பத்தோராவது நிமிடத்தில்
"நீக்கவும்" என்பதை மட்டும் நீக்கினேன்.

படிவத்துக்கு இன்னொரு கையொப்பம் வேண்டும்.
சனிக்கிழமை திரும்பப் போகிறேன்.
இந்தமுறை
உள்ளே போனவுடன்
படலையை நானே சாத்துவேன்.