முட்டையளவு

கொழும்பில் ஒரு ஆனி மாதம்
என் இரைப்பையில் கோழிமுட்டையளவு பிரித்தெடுத்து
அதோடு குடலைத் தைத்து அனுப்பினார்கள்.
மிச்சம் உள்ளேதான் கிடக்கிறது,
வேலை நிறுத்தப்பட்டும் சம்பளம் வாங்கும்
உத்தியோகத்தனைப் போல.
காசு ஸ்காபுறோவிலிருந்து அண்ணன் அனுப்பியது.
"உயிரோட இருந்தாக் காணும்" என்றான்.

அஞ்சலகத்துப் பார்சல் தராசு எனக்குப் போதாது.
சுன்னாகத்தில் வெங்காய மூட்டை நிறுக்கிற தராசில்
ஏறி நின்று பார்த்தேன்:
நூற்றி முப்பத்தெட்டு.
தராசுக்காரன் சிரிக்கவில்லை.
அதற்காக அவனை இன்றும் நினைக்கிறேன்.

இப்போது எண்பத்தொன்று.
நீரிழிவுக் குளிசை நின்றது.
முழங்கால் நோ நின்றது.
நித்திரையில் மூச்சு நிற்பதும் நின்றது.
சுகந்தமலர் சாமத்தில் எழும்பி
என் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பது மட்டும்
நிற்கவில்லை. பழகின கை.

பெருத்திருந்த காலம் உரத்துப் பகிடி விட்டவை
நல்லூர்த் தேரன்று குரலைத் தாழ்த்தினார்கள்.
"என்ன வருத்தமாம்?"
"கான்சராக்கும்."

மச்சாளின் மகளுக்குச் சாமத்தியவீடு.
பாயாசம் ஒரு கரண்டி, ஒன்றே ஒன்று.
பத்து நிமிடத்தில் நெஞ்சு படபடத்து
வேட்டி வியர்வையில் நனைந்து
மண்டபத்துப் பின்பக்கம் தண்ணீர்த் தாங்கியடியில்
குந்தியிருந்தேன், உலகம் சுற்றி நிற்கும் வரை.
அதற்கு இங்கிலீசில் ஒரு பெயர் இருக்கிறது.
குப்பை கொட்டுதல் என்று கருத்து வருமாம்.

தலைமயிர் சீப்போடு வந்தது.
கலியாண மோதிரம்
குருநகரில் விளைமீன் கூடைக்குள் விழுந்தது.
மீன்காரர் தேடியெடுத்துக் கழுவித் தந்தார்:
"நூல் சுத்திப் போடுங்கோ தம்பி."
சுற்றிப் போட்டிருக்கிறேன். நூல் ஊத்தை பிடித்துவிட்டது.

டொக்டரின் படிவத்தில் ஒரு கேள்வி:
எப்போதிருந்து அதிகம் சாப்பிடுகிறீர்கள்?
தொண்ணூற்றைந்தில்
நாவற்குழிப் பாலத்து நெரிசலில் மழையில் நின்று
ஒரு றாத்தல் பாணை ஒன்பது பேர் பிய்த்தோம்.
என் பங்கை ஒருமுறைகூட மெல்லாமல் விழுங்கினேன்.
படிவத்தில் கோடு ஒன்றுதான் இருந்தது.
"சிறு வயதிலிருந்து" என்று எழுதினேன்.
இப்போது ஒரு வாயை முப்பது தரம் மெல்லுகிறேன்.
ஒடியல் கூழில் மூன்று வாய்.
நண்டுக் காலை மணந்துவிட்டு வைக்கிறேன்.

இரண்டாம் வருடம், மாசி, இரவு ஒன்றரை.
வயிற்றுக்குள் யாரோ சீலை பிழிகிற மாதிரி.
ஓட்டோவில் பெரியாஸ்பத்திரி.
வயிறு மெத்தென்று இருக்கிறது, வாய்வாக இருக்கும்
என்றார் ஒருவர்.
மாத்தறையிலிருந்து வந்த சின்னப் பெண் டொக்டர்
அரைத் தமிழில் கேட்டாள்:
"ஐயா, முந்தி ஒப்பரேசன் பேப்பர் இருக்கா?"
இருந்தது. ஸ்டான்லி வீதிக் கடையில்
சுகந்தமலர் பிளாஸ்டிக் ஒட்டி வைத்த பேப்பர்.
படித்தாள். ஓடினாள்.

பிறகு விளங்கப்படுத்தினாள்:
கொழுப்புக் கரைந்த இடத்தில் ஒரு வாசல் விழுந்ததாம்.
குடல் அதற்குள் நுழைந்து நெரிபட்டதாம்.
விடிந்திருந்தால் கறுத்திருக்குமாம்.
மெலிந்ததால் வந்த வாசல்.
நான் அதைப் பற்றி நெடுநாள் யோசித்தேன்,
ஒரு முடிவுக்கும் வரவில்லை.

மாதம் ஒரு ஊசி, சாகும் வரைக்கும்.
அடிவயிற்றுத் தோல்
காற்றுப்போன ரியூப் போலத் தொங்குகிறது;
அதை மடித்துத்தான் களிசான் போடுகிறேன்.
திரும்பவும் செய்வியா என்று அண்ணன் போனில் கேட்டான்.
செய்வேன் என்று உடனே சொன்னேன்.
வைத்த பிறகு கொஞ்ச நேரம்
போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரைநகர் பஸ்ஸில்
முந்தி என் பக்கத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.
நேற்று ரியூசனால் வந்த பொடியன் இருந்தான்,
பொன்னாலை தாண்ட முன்னமே
என் தோளில் தூங்கிப் போனான்.
எலும்பு குத்தியிருக்கும். அவன் எழும்பவில்லை.
நானும் அசையவில்லை.
பொக்கற்றுக்குள் போன் அடித்தது.
கல்சியம் நேரம்.
இரும்போடு சேர்த்து விழுங்கக்கூடாது.