வடமேற்கில் ஒரு சதுப்பு

மூன்றாம் முறையும்
ஏதோ ஒரு நூலகம் கிடைக்கவில்லை என்றது திரை.
எங்கள் ஊர் நூலகம் தெருக்கோடியில்தான் இருக்கிறது
என்று அதனிடம் சொல்லவா முடியும்?

வில்யாண்டியில் அன்று பனி விழவில்லை.
பனி விழாத இரவில் எனக்கு வேலையில்லை:
சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள் நான்.
ஈரப் பூட்ஸ்கள் காயும் தட்டுக்கு அடியில்
விரிசல் விட்ட மடிக்கணினி ஒன்று.
அதற்குள் ஓர் உலகத்தை ஏற்றப் பார்க்கிறேன்.

யாரோ ஒருவர், எந்த ஊரோ,
இருபது வருடம் எழுதிக் குவித்துவிட்டுத்
திறந்தே போட்டுப் போன விளையாட்டு.
படம் கிடையாது. காடும் கதவும் வாளும் எல்லாம் சொல்.
கூடவே ஒரு சின்ன உரிமப் பத்திரம்:
எடுத்துக்கொள், மாற்றிக்கொள், பிறருக்கும் கொடு,
உடைந்தால் என்னிடம் வராதே.
இவ்வளவு நேர்மையான தாளில்
நான் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை.

விடியுமுன் எழுந்து நின்றுவிட்டது.
நாலாயிரமாம் எண் கதவைத் திறந்துவைத்தேன்.
முதலில் வந்தது கடவுச்சொல் திருடும் தானியங்கி.
அதற்கும் நல்வரவு சொன்னது என் உலகம்.

பிறகு மெரிகே, மருந்துக்கடை இரவுப் பணியிலிருந்து.
தைவோ, போலந்து நெடுஞ்சாலை ஓரம்
லாரியை நிறுத்திவிட்டுப் போர்வைக்குள் கைப்பேசியோடு.
வால்காவிலிருந்து பெயர் சொல்லாத ஒருவர்.
ஹெல்டூர் வந்த அன்றே பாலத்தின் நடுவில் நின்று
இங்கே தூண்டில் போடலாமா என்றான்.
முடியாது என்றேன்.
மறுநாள் முடிந்தது.

திசைகளை எஸ்தோனியத்துக்கு மாற்றியது நான்.
எங்கள் மொழியில் மூலைகளுக்கும் தனிப்பெயர் உண்டு,
இரண்டு திசையை ஒட்டவைத்துச் செய்ததல்ல.
வடகிழக்கு கிர்ரே. தென்கிழக்கு காகு. தென்மேற்கு ஏதெல்.
வடமேற்கு லொயெ.
வாசி என்பதற்கும் லொயெதான்.

முதல் சொல் கேட்டதும்
மீதியைக் காதில் வாங்காத நிரல் அது.
வால்காக்காரர் பாலத்து அறிவிப்பை வாசிக்கப் போய்
நேரே சதுப்பில் இறங்கினார்.
ஞாயிற்றுக்கிழமை சரிசெய்கிறேன் என்றேன்.
ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டியது.
அடுத்ததும்.

டிசம்பரில் ஹெல்டூர் நின்றுபோனான்.
ஆள் போனாலும் உடல் அங்கேயே தூங்கும்,
அந்த உலகத்து வழக்கம் அப்படி.
பாலத்தின் நடுவில், கையில் தூண்டிலோடு.
நார்வேயில் மீன் ஆலைக்குப் போனான் என்றார்கள்,
போகவில்லை என்றும் சொன்னார்கள்.
கடந்து போகிறவர்கள் ஆளுக்கொரு கடிதம் எழுதி
அவன் கோட்டுப் பைக்குள் செருகினார்கள்.
நானும் இரண்டு.

தொண்ணூறு நாள் அசையாதவரை அழித்துவிடு
என்று நிரலில் ஒரு வரி இருந்தது.
எண்பத்தெட்டாம் நாள், மட்டப்பனி மூடிய சாலையில்
வண்டியை ஓரங்கட்டி,
கையுறையைப் பல்லால் கழற்றி,
அந்த வரிக்கு முன்னால் ஒரு குறி இட்டேன்.
குறி இட்டதைக் கணினி வெறும் குறிப்பென்று கடந்துவிடும்.

ஏப்ரலில், ஏரியின் உறைபனி வெடிக்கும் வாரம்,
ஹெல்டூர் கண்விழிக்கிறான் என்றது திரை.
ஒன்பது பேர் பாலத்துக்கு ஓடினோம்.

கடவுச்சொல் மறந்துபோச்சு என்றான்.
கேட்க வெட்கமாயிருந்தது.
நேற்று மீன் அறுக்கும்போது நினைவு வந்தது.
அப்புறம்: என் கோட்டில் என்ன இது,
நாற்பத்தொரு கடிதம்?

யாரும் பதில் தட்டவில்லை.
அவன் ஒன்றைப் பிரித்து, தட்டினான்:
லொயெ.

பாலம் காலியானது.
நாங்களும் அதே சொல்லைத் தட்டி,
ஒவ்வொருவராய்,
பின்னாலேயே இறங்கினோம்.

இடுப்பளவு சேற்றில் நின்று
கடிதமெல்லாம் நனைந்துவிட்டதா என்று கேட்டான்.
இல்லை என்றேன்.
நனைவதை அங்கே
இன்னும் யாரும் எழுதியிருக்கவில்லை.