மார்ச் மாதக் கூட்டக் குறிப்பு

இடம்: தீயணைப்பு நிலையத்தின் பின்கூடம்.
வந்தவர் பதின்மூவர். ஹீட்டர் மறுபடியும் மக்கர் பண்ணியது.
கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தோம்.

சங்கத்துக்குப் புதியவர் யாரேனும் இதைப் படிக்க நேர்ந்தால்:
நாங்கள் சேர்ப்பது சிங்கங்கள். நாய்கள்.
ஆந்தை வடிவில் சில உண்டியல்கள்.
எல்லாம் சாக்கடைக் குழாய் மண்.
இந்த ஒஹையோப் பள்ளத்தாக்கில் அன்று
பகல் முழுக்கக் குழாய் வார்த்த ஆட்கள்
சங்கு ஊதிய பிறகு
மிஞ்சிய களிமண்ணில் தமக்கென்று பிசைந்தவை.
குழாய்களின் வயிற்றுக்குள் ஒளிந்து சூளைக்குப் போய்
உப்பு வீசிய நெருப்பில்
குழாய்களின் அதே பழுப்பு மினுக்கத்தோடு வெளிவந்தவை.
முதலாளிமாருக்குத் தெரியும்.
தெரியாத மாதிரி இருந்தார்கள்.

பொருளாளர் கணக்கு: கையிருப்பு இருநூற்றுப் பதினெட்டு டாலர்.
சந்தா பாக்கி வைத்தவர் பெயர் வாசிக்கப்படவில்லை,
அவர் பொருளாளரின் மைத்துனர்.

முதலில் மெர்ல் ஸ்டாஃபர் கொண்டுவந்த சிங்கம்.
ஓர்வில் ஸூர்க்கர் அதன் வாலை
முன்பல்லில் மெல்லத் தட்டிப் பார்த்தார்.
சுட்ட மண் பல்லில் டிங்கென்னும்; பிசின் மழுப்பும்.
வால் மழுப்பியது.
நானூறு டாலர் கொடுத்திருந்த மெர்ல்
அதற்குப் பிறகு காப்பியைத் தொடவில்லை.

அடுத்தது நிரலில் இல்லாதது.
நகராட்சிக்குக் குழி தோண்டும் டேல் பலோட்டா
சேற்று பூட்ஸோடு உள்ளே வந்தான்.
மில் தெருவில் பழைய குழாயைப் பெயர்த்து
பிளாஸ்டிக் பதிக்கிறார்களாம்.
சாக்கிலிருந்து எடுத்து வைத்தான்:
முழ நீளக் குழாய்த் துண்டு, நெடுக்கில் பிளந்தது.
மேசைத் துணியை யாரோ அவசரமாக உருவிக்கொண்டார்கள்.

உட்புறம், நீரோடும் பக்கம்,
ஈர மண்ணில் ஆணியால் கீறிய முகம்.
முறுக்கு மீசை. ஒரு கண் சிறிது.
நாக்கு முழுவதும் வெளியே.

மேஸ்திரியாக இருக்கும் என்றாள் வெர்னா.
நிச்சயம் மேஸ்திரிதான் என்றோம்.
எங்களில் யாருக்கும் எந்த மேஸ்திரியையும் தெரியாது.

விவாதம் நாற்பது நிமிடம்.
குழாய் குழாய்தான், விதி மூன்றைப் பார் என்றார் ஓர்வில்.
யாரும் பார்க்க முடியாத இடத்தில் வரைந்தவன்
யாருக்காக வரைந்தான் என்றாள் வெர்னா.
அது விதி மூன்றில் இல்லை.
மெர்ல் எழுந்துவந்து நாக்கின் பள்ளத்தில் விரல் ஓட்டினார்.
நாறுகிறதா என்று ஒருவர் கேட்டார்.
இல்லை. மழை பெய்த கல்லின் வாசம்.
என்ன விலை போகும் என்று இன்னொருவர்.
டேல் சொன்னான்: விக்க வரலை.
உடைச்சது என் கடப்பாரை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

வாக்கெடுப்பு: ஏற்க ஐவர், மறுக்க எழுவர்.
செயலாளர் வாக்களிக்கவில்லை.
செயலாளர் நான்.
காரணம் எழுதும் வழக்கம் இல்லை.
டேல் சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான்.
துண்டு மேசையிலேயே இருந்தது.
மறந்தானா விட்டானா என்பது தெளிவில்லை.

கூட்டம் எட்டே முக்காலுக்கு முடிந்தது.

இனி எழுதுவது குறிப்பில் சேராது.

எல்லோரும் போனபின் கோப்பைகளைக் கழுவினேன்.
நூறு வருஷத்துக்குக் கிட்டே இந்த ஊர்
பாத்திரம் கழுவிய நீர், பிள்ளை குளித்த நீர்,
போலீஸ் கதவைத் தட்டும்போது
அவசரமாய்க் கவிழ்த்த சாராயம்,
சாவு வீட்டில் தரை அலசிய நீர்
எல்லாம் அந்த நாக்கின் மேல்தான் போயிருக்கிறது.
மில் தெரு பாதிதான் தோண்டியாகிறது.
இந்தத் தொட்டிக்குக் கீழே போகிற குழாய் இன்னும் பழசு.
அதில் எத்தனை முகம் என்று டேலுக்கும் தெரியாது.

பின்னால், ஓடாத ஹீட்டரின் மேல் நான் எடுத்துவைத்த துண்டு
ஓர்வில் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்து
நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

கடைசியாக மெர்ல் தொடாத காப்பி.
மெதுவாக ஊற்றினேன்.
கீழே யாரோ தொண்டையைக் கனைப்பது போல ஒரு சத்தம்.
பிறகு இறங்கியது.