கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

பேருந்தின் நெற்றியில் எழுதியிருந்தது
அரசு.
கல் அதைப் படித்துவிட்டுத்தான் வந்தது.
உள்ளே இருந்தது நான்.

தெய்வசிகாமணி, ஓட்டுநர்,
கடலூர் – சிதம்பரம், காலை ஆறு பத்து வண்டி.
இப்போது பணிமனையில் நேரக் காப்பாளர் அறை.
மற்றவர்கள் புறப்படும் நேரத்தை
ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன்.

முதுநகர் தாண்டியதும்
சிப்காட் வாடை ஏறும்.
பயணிகள் முந்தானையால் மூக்கைப் பொத்துவார்கள்.
எனக்கு அந்த வாடைதான் கடிகாரம்:
ஆறு முப்பத்தைந்து.
அதற்குள்ளேயே சமைத்துக் குளித்துப் பிள்ளை பெற்ற ஊர் ஒன்று
சாலைக்குக் கிழக்கே இருந்தது.
நான் அங்கே நிறுத்தியதில்லை.
விரைவு வண்டி.

அந்த ஊர் அஞ்சலாட்சி
திங்கள்தோறும் மஞ்சக்குப்பம் போவார்,
மனுவோடு ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரும்.
நிறம் டீ டிகாஷன்.
நான்கு வருஷம்.
ஒவ்வொரு முறையும் ரசீது கொடுத்தார்கள்.
நீதிமன்ற வராந்தாவில் அந்த உறையைப் பிரித்து
எண்ணிப் பாருங்க என்றார்.
நூற்றுப் பதினேழு வரை வந்தேன்,
என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மறியல் அன்று
தாசில்தார் பத்து மணிக்கு வருவார் என்றார்கள்,
பிறகு பன்னிரண்டுக்கு,
பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை.
எனக்குப் பின்னால் ஒரு குழந்தை பாலுக்கு அழுதுகொண்டிருந்தது.
எட்டடி தூரத்தில் ஒரு கை உயர்ந்தது.
ரயில்பாதை ஜல்லி, எலுமிச்சை அளவு.
கண்ணாடி உடனே உடைவதில்லை, தெரியுமா,
முதலில் வெளுக்கிறது,
பயந்த முகம் மாதிரி.

ஒன்பதாம் நாள் அந்த ஊருக்குக் குழாய் போட்டார்கள்.
நான் ஜிப்மரில் கட்டோடு படுத்திருந்தேன்.
பக்கத்துக் கட்டில்காரர் செய்தித்தாளை உரக்கப் படித்தார்:
ஆட்சியர் நேரில் ஆய்வு,
இரண்டு நீர்த்தேக்கத் தொட்டி.
கணக்குப் போட்டேன்.
நான்கு வருஷக் காகிதத்துக்கு ஒன்றுமில்லை,
ஒரு ஜல்லிக்கு இரண்டு தொட்டி.
கணக்கு சரியாக வந்தது.
அன்று இரவு தூக்கம் போனது வலியால் அல்ல.

இதே கணக்கை அடுத்த ஊரும் போடும்.
அந்தப் பாதையிலும் யாரோ ஒருவர்
ஆறு பத்து வண்டி ஓட்டுவார்.

கல்லுக்குத்தான் விழிப்போம் என்று
அந்த ஊருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மேல்
வழக்கில்லை.
சரி.
ஆனாலும் தம்பி,
என் கண் அரசாங்கம் இல்லை.
உன் மனுவை அது ஒருநாளும் திருப்பி அனுப்பவில்லை.
(நின்று வாங்கவும் இல்லை என்பாயோ.
அதையும் யோசித்திருக்கிறேன்.)

கூண்டில் ஏறினேன். ஐந்து பையன்கள் நின்றார்கள்.
அடையாளம் தெரிகிறதா என்றார் வக்கீல்.

நான் பார்த்தது முகத்தை அல்ல.
இடது கை. ஆட்காட்டி விரலில்
நகத்தோடு சேர்த்து மைக்கோடு, அழியாமல்.
தேர்தல் முடிந்து அப்போது பத்து நாள்.
ஓட்டுப் போட்ட கையேதான் கல்லும் போட்டது.
சற்று முன்
வருகைப் பதிவில் இடது கையால் கையெழுத்திட்டவன்
ஒருவன்தான். வரிசையில் நான்காவது.
என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தான்.

விரலில் மை இருந்தது ஐயா, என்றேன்.
யார் விரலில்?
எங்கள் எல்லார் விரலிலும்.
சாட்சி பிறழ்ந்துவிட்டதாக எழுதிக்கொண்டார்கள்.

மன்னிப்பா என்று என் மனைவி கேட்டாள்.
மன்னிக்க, முதலில் ஒருவன் கேட்க வேண்டும்.
அவன் கேட்கவில்லை.
படியிறங்கி, கூட்டத்தோடு
கெடிலம் பாலம் பக்கம் போய்விட்டான்.

அஞ்சலாட்சி ஒரு பாட்டிலை நீட்டினார்.
வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தேன்,
ஆட்சியருக்கு அவர் காட்டுவாராமே, அதுபோல.
சாயம் இல்லை. மறுபக்கம் சாலை தெரிந்தது.

வாங்கிக்கொண்டேன்.
மேசைமேல்தான் இருக்கிறது, நேரப் பதிவேட்டின் பக்கத்தில்.
இன்னும் திறக்கவில்லை.