மூன்றாம் கவுன்ட்டர்

செவ்வாய்க்கிழமை என்பதை
நோட்டின் வாசத்தில் அறிவேன்.
மேலப்பாளையம் சந்தை முடிந்து
நேரே வருகிறவர்களின் பணத்தில்
ஆட்டுமயிர் ஒன்றிரண்டு ஒட்டியிருக்கும்.
நகைக்கடன் பணம் அப்படியில்லை,
வங்கிச் சீட்டுகூடக் கழற்றாத
புதுக் கட்டாய் வரும்.

இந்தக் கல்லூரியில்தான் படித்தேன்.
பொன்னாக்குடி விலக்கில் இறங்கி
வெயிலில் நடந்து.
அப்போது ஒரு பருவத்துக்கு முப்பத்தோராயிரம்.
இப்போது எழுபத்தெட்டாயிரத்து ஐந்நூறு.
கட்டடம் அதேதான்.
முன்வாசலில் ஒரு நீரூற்று கூடியிருக்கிறது,
ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் பொங்கும்.

என் கடனில் இன்னும்
ஒரு லட்சத்து அறுபத்து நாலாயிரம் பாக்கி.
சம்பளம் பன்னிரண்டரை.
ஐந்தாம் தேதி வங்கி எடுத்தது போக
மிச்சம் எவ்வளவு என்று கேட்டால்
கணக்கு எனக்கு வரும்,
நான் பி.ஈ.

இன்று மூலைக்கரைப்பட்டி மாசானமுத்து.
பதினொரு கிடா என்றார், நான் கேட்காமலே.
"பன்னெண்டு கொண்டு போனேன்.
ஒண்ணு மட்டும் வெல கட்டல.
வண்டியில கெடக்கு."
எட்டிப் பார்த்தேன்.
வற்றிய நீரூற்றின் பக்கம் லோடு ஆட்டோவில்
கல்லூரிப் பெயர்ப்பலகையைப் பார்த்தபடி
அசைபோட்டுக்கொண்டிருந்தது.

எண்ணும் இயந்திரம்
நூற்றுப் பதிமூன்றில் நின்றுவிட்டது.
மூடியைக் கழற்றினேன்.
நோட்டுக்கு மேலே ஒரு கண், கீழே ஒரு கண்,
நடுவே நாம் காணாத ஒளி.
மறைந்தால் ஒன்று, மறுபடி மறைந்தால் இரண்டு,
அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த கணக்கு.
கீழ்க்கண்ணில் ஒரு மயிர்.

மூன்றாம் பருவத்தில் ஒரு மதியம்
ஆய்வகத்தில் குமிழைத் திருகத் திருக
ஓடிக்கொண்டே இருந்த பச்சை அலை
சட்டென்று திரையில் நின்றது.
நானும் மூச்சடக்கி நின்றேன்.
அதற்கு யாரும் கட்டணம் சொல்லவில்லை,
ரசீதும் தரவில்லை.

பஞ்சால் துடைத்தேன். ஓடியது.
நூற்று ஐம்பத்தேழு.
"ஏயப்பா, மெஷினையே பிரிச்சிப் பாத்திட்டியளே!
என்னம்மா படிச்சிருக்கிய?"
சொன்னேன்.
"எங்கன?"
"இங்கதான்."

பதினொரு கிடாயும் விலைபோனபோதுகூட
அவர் முகம் அப்படி மலர்ந்திருக்காது.
மகளை இழுத்துக் கண்ணாடி முன் நிறுத்தினார்.
"பாத்துக்கிடுட்டி பிரம்மசக்தி,
இங்க படிச்சவிய இங்கனயே உக்காந்திருக்காவ,
ஏசியில."

ரசீது அச்சாகும் நேரம் இருந்தது.
பன்னிரண்டரை என்று சொல்லியிருக்கலாம்.
என் வகுப்பின் அறுபத்து மூன்று பேரில்
எத்தனை பேர் துணிக்கடையில் என்று சொல்லியிருக்கலாம்.
சொன்னால், ஓசூரில் ஜெபக்கனி
சொந்தச் சம்பளத்தில் வீடு வாங்கியதையும்
சொல்லத்தான் வேண்டும்.
பச்சை அலையை எந்தப் பக்கம் வரவு வைப்பது?
அச்சு இயந்திரம் கரகரத்தது.
நான் வாய் திறக்கவில்லை.
என்னைக் காட்டி ஒருவர் பணம் கட்டுகிறார்,
நான் வாய் திறக்கவில்லை.

அந்தப் பெண் என் நாற்காலியைப் பார்க்கவில்லை.
திறந்து கிடந்த இயந்திரத்தையே பார்த்தாள்.
"கண்ணுக்குத் தெரியாதுன்னா
எரியுதுன்னு எப்படிக்கா கண்டுபிடிப்பிய?"

வரிசையில் ஒருவர் செருமினார்.
என் பழைய செல்போனின் கேமராவை
அந்தக் கண்ணுக்கு நேரே பிடித்து
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
ஊதா நிறத்தில்,
கடுகளவு.

"அப்பா, இங்க பாருங்க" என்றாள்.
அவர் ரசீதைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
தலைகீழாகவா நேராகவா என்று
எனக்குத் தெரியவில்லை.
நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்து
மேலே ஒருமுறை தட்டினார்.

அடுத்த பருவக் கட்டணம் ஜனவரியில்.
வண்டியில் ஒரு கிடா இருக்கிறது.