தொலைந்தது, தொலைத்தது

வடமேற்குப் புயல் மூன்று நாள் அடித்து ஓய்ந்தால்
ஸ்கெவனிங்கன் கடற்கரை முழங்கால் ஆழம் இறங்கியிருக்கும்.
விடியுமுன் முதல் ட்ராமில் வந்துவிடுவேன்.
எனக்கு முன்பே வீபெ வந்திருப்பான்.
கடற்பாலத்துக்குத் தெற்கே அவன், வடக்கே நான்.
பேசி வைத்ததில்லை.
பதினோரு வருடமாக அப்படித்தான்.

காதில் ஹெட்போன், இடுப்பில் சல்லடைக் கரண்டி.
கம்பின் நுனியில் வட்டத் தட்டு
தரை துடைப்பதுபோல் இடமும் வலமும்.

இரும்பு கரகரக்கும். வெள்ளி கூவும்.
தங்கம், சொன்னால் நம்பமாட்டீர்கள்,
பீர் டின்னைத் திறக்கிற காது இருக்கிறதே,
அதைப்போலவே முனகும்.
கருவிக்கு இரண்டும் ஒன்று.
ஆகவே ஒவ்வொரு முனகலுக்கும் குனிய வேண்டும்.
இந்த ஆண்டில் மட்டும் நாலாயிரத்துச் சொச்சம் டின் காதுகள்.
நடுநடுவே
முகம் உப்பில் கரைந்த ராணியோடு ஒரு கில்டர்,
ஒற்றைத் தோடு,
யாரோ இருமித் துப்பிய தங்கப் பல்,
ஒரு நாயின் பெயர்.

தவறி விழும் மோதிரங்களுக்கு ஊர் உண்டு.
ஜூலையில் தண்ணீர் இடுப்புக்கு வருகிற கோடு ஓர் ஊர்:
குளிரில் விரல் சுருங்கும்,
பந்துக்கு எட்டும்போது நழுவும்.
துண்டு விரித்த மேட்டுமணல் இன்னோர் ஊர்:
எண்ணெய் தேய்க்கக் கழற்றிச் செருப்புக்குள் வைத்தது
செருப்பை உதறும்போது போயிருக்கும்.

மூன்றாவது ஊரைப் பற்றி
நானும் வீபெயும் பேசுவதில்லை.
பாலத்தின் கைப்பிடியில் நின்று
ஓங்கி வீசினால் விழுகிற இடம் அது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்கிறது பழமொழி.
கடலில் போடுகிறவர்கள் அளப்பதில்லை.
ஆனாலும் எல்லோருடைய கோபமும்
ஏறக்குறைய ஒரே தூரம்தான் போகிறது.

நவம்பர் பதினாலு, ஈரமணலில் ஒரு முனகல்.
டின் காது என்றுதான் தோண்டினேன்.
மெல்லிய மோதிரம். உள்வட்டத்தில் மார்லுஸ் என்ற பெயர்,
பக்கத்தில் தேதி.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன்.
இருபத்தெட்டு, பதினொன்று, இந்த வருடம்.

இன்னும் வராத ஒரு சனிக்கிழமை
என் உள்ளங்கையில் ஈரமாக இருந்தது.

எந்த ஊர் இது?
பாலத்திலிருந்து கணக்கிட்டால் மூன்றாவது.
புயலோ எல்லா வேலியையும் பிடுங்கிப் போட்டிருந்தது.
வீபெ வந்து பார்த்தான்.
"உருக்கினால் மூணு கிராம் தேறும்" என்றான்.
பிறகு அவனே
"உருக்காதே" என்றான்.

நகராட்சி அலுவலகத்தில் அனெலோட் படிவத்தை நீட்டினாள்.
பொருள். இடம். எடை.
தொலைந்த விதம்.
தொலைந்தது என்றால் அதுவாகப் போனது.
தொலைத்தது என்றால் அருகே ஓர் ஆள் நிற்கிறார்.
தொலைத்துக் கட்டியது என்றால்
அதை எழுதக் கட்டம் போதாது.
ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இருபத்தெட்டாம் தேதி மழை இல்லை.
அந்த மாதத்தில் வெயில் அடித்த ஒரே நாள்.

திங்கட்கிழமை அனெலோட்டைக் கூப்பிட்டேன்.
"வெள்ளி சாயங்காலம், பூட்டுகிற நேரம், ஒரு அழைப்பு.
பெயர், தேதி எல்லாம் சரியாகச் சொன்னார்கள்.
கிடைத்துவிட்டது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.
'இல்லை, கிடைத்ததா என்று கேட்கத்தான்'
என்று வைத்துவிட்டார்கள்."
"ஆணா, பெண்ணா?"
"சளி கட்டிய குரல். பின்னால் ஒரே காற்று.
உங்கள் கடற்கரைக் காற்று மாதிரி."

இன்று காலை பாலத்தைத் தாண்டும்போது,
ஓங்கி வீசினால் விழுகிற அந்தத் தூரத்தில்,
தட்டு முனகியது.
நின்றேன். இடம், வலம். மறுபடி முனகல்.
கரண்டி இடுப்பிலேயே இருந்தது.

தெற்கிலிருந்து வீபெ கத்தினான்: "என்ன?"
"டின் காது" என்றேன்.
அவன் என் காலடியைப் பார்த்தான்.
அங்கே பள்ளம் இல்லை.