இரைச்சல்

மேல்விஷாரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே
ரீசார்ஜ், ஜெராக்ஸ்,
பின்கட்டில் ஒரு பழைய டெக்.

கேசட்டின் ஸ்க்ரூவெல்லாம் துரு.
ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்தபோது
பஞ்சில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது
யாரோ பாடியதில் கொஞ்சம்.

தனகோடி சென்னையிலிருந்து வந்திருந்தார்.
படம் வெளிவரவில்லை. நெகடிவ் லேபிலேயே அழுகிவிட்டது.
இசைத்தட்டும் கிடையாது.
ஏதோ ஒரு ராத்திரி ரேடியோவில் போட்டதை
ஜுலைகாவின் மகன் பிடித்து வைத்த
இது ஒன்றுதான் மிச்சமாம்.
"அடியில ஒரு இரைச்சல் கேக்குது பாருங்க,
அத மட்டும் எடுத்துடுங்க."

ஹெட்போனை மாட்டினேன்.
பையனின் டேப்ரிக்கார்டரில்
அழிக்கிற ஹெட் தேய்ந்திருக்க வேண்டும்.
பல்லவி முடிந்து
வயலின்கள் மூச்சு வாங்கும் இடத்தில்
ஓர் ஆண் குரல்:
தம்மாம் வெயில் நம்மூர் வெயில்தான் புள்ள...
மோட்டாருக்குக் காயில் கட்டியாச்சா...
கேசட்டு தீருது, திருப்பிப் போடு

ஜுலைகா ஸ்டூலில் இருந்தார்.
எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன்
பேசி அனுப்பிய கடுதாசி.
மய்யித்துகூட ஊர் வந்து சேரவில்லை.

ஹெட்போனை அவர் காதுக்கு மாற்றினேன்.
ரொம்ப நேரம் கேட்டார்.
பிறகு, தனகோடி பக்கம் திரும்பாமல்,
"பாடுற பொம்பளைய
கொஞ்சம் நிறுத்தச் சொல்லேன் தம்பி."

எந்த ஃபில்டரிலும் அது முடியவில்லை.

தனகோடியின் பென்டிரைவில்
இரைச்சலைக் குறைத்துக் கொடுத்தேன்.
முழுசாக எடுக்கவில்லை.
பில்லில் அதை எழுதவும் இல்லை.